டிவி பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது?

கேள்வி:

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டம், முக்கூடல் பக்கம். வீட்டுக்காரர் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 3. அத்தைக்கு (மாமியார்) 68. கை சும்மா இருக்காது, இன்னமும் கொஞ்சம் பீடி சுற்றுவார்கள். ஐப்பசியில் விழுந்த ஓர் இடியில் எங்கள் டிவி போய்விட்டது. 'இத ஒக்கிட முடியாது, புதுசுதான் வாங்கணும்' என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்படியே விட்டுவிட்டோம். இரண்டு மாதத்தில் வீடே மாறிவிட்டது. பிள்ளைகள் சண்டை குறைந்திருக்கிறது. மகன் வாய் ஓயாமல் பேசுகிறான். ஒன்பது மணிக்கெல்லாம் இருவரும் தூங்கிவிடுகிறார்கள். இனி டிவியே வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் அத்தை ராத்திரி ஏழு மணியானால் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு ஒன்பதரைக்குத்தான் வருகிறார்கள். 'ஒரு பேச்சுத்துணைக்கு அதுதான கெடந்துது' என்று ஒருநாள் அவர்கள் சொன்னது மனதை உறுத்துகிறது. டிவி இருந்தபோது சத்தத்தைக் கூட்டித்தான் வைப்பார்கள், அது எனக்குத் தலைவலியாக இருந்தது. வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும் போனில் கிரிக்கெட் பார்க்கிறார். மதினியோ (வீட்டுக்காரரின் அக்கா), 'ஒரு டிவி வாங்க வக்கில்லாமலா போச்சு? பொங்கலுக்கு அம்மைக்கு நான் வாங்கித் தாரேன்' என்கிறார்கள். என் முடிவு சரியா, வெறும் வீம்பா? டிவி இல்லாமல் வளர்ந்தால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களா? மதினியிடம் என்ன சொல்வது?

- ஒரு வாசகி

குடும்பநல ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் முடிவு சரி. மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் டிவி இல்லாமல் இருப்பது நல்ல காரியம், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் 'நான் முடிவு செய்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறீர்கள். மற்ற நாலு பேரிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை. இடி வந்து நிறுத்தியதை நீங்கள் தொடர்கிறீர்கள். அத்தை வாயைத் திறந்து சண்டை போடவில்லை என்பதற்காக அவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தினமும் ஏழு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்களே, அதுதான் அவர்கள் சொல்கிற பதில்.

என்னிடம் வருகிற குடும்பங்களில் டிவியை நிறுத்திப் பார்த்தவர்கள் பலர் உண்டு. சிலருக்கு நிலைத்திருக்கிறது, சிலர் திரும்பவும் வாங்கிவிட்டார்கள். திரும்ப வாங்கியவர்களுக்கு மனவுறுதி போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. டிவி ஒரு வீட்டில் சும்மா இருப்பதில்லை, ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அடுக்களையில் நிற்கும்போது பையனை ஒரே இடத்தில் பிடித்து வைத்தது அதுதான். அத்தைக்குத் துணையாக இருந்தது அதுதான். கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்கு யாரிடமும் பேசாமல் உட்கார ஒரு சாக்காகவும் இருந்தது. மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேச விஷயம் தந்தது. பெட்டி போய்விட்டது, வேலைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இனி யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று யோசித்து ஏற்பாடு செய்த வீடுகளில்தான் இது நீடிக்கிறது. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

சின்னவனிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவன் விஷயத்தில் பேச அதிகமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரை முன் உட்கார்வது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022இல் வெளியிட்டதும் ஏறக்குறைய அதே கணக்குதான்: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள்.

பலர் 'பிள்ளை எங்கே பார்க்கிறான், அது பாட்டுக்கு ஓடுகிறது' என்பார்கள். அந்த 'பாட்டுக்கு ஓடுவது'தான் கவனிக்க வேண்டியது. 2008இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒன்று, இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளைப் பொம்மைகளோடு விளையாட விட்டு, அதே அறையில் பெரியவர்கள் பார்க்கிற ஒரு வினாடி வினா நிகழ்ச்சியைப் பாதி நேரம் ஓடவிட்டார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் எப்போதாவதுதான் திரும்பினார்கள், அதுவும் சில நொடிகள். ஆனாலும் டிவி ஓடியபோது ஒரு பொம்மையோடு ஒன்றி விளையாடும் நேரம் குறைந்தது. ஒன்றை எடுப்பது, உடனே விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போவது என்றாகிவிட்டது. மறு வருடம் இதே வழியில் நடந்த இன்னோர் ஆய்வில், பக்கத்தில் டிவி ஓடும்போது பெற்றோர் பிள்ளையோடு பேசுவதே குறைகிறது என்று கண்டார்கள். அந்த வயதில் பேச்சு வருவது எதிரே இருக்கிற ஆள் திரும்பப் பேசுவதால்தான்.

சரி, அதற்காக உங்கள் மகன் வாய் ஓயாமல் பேசுவதற்கு டிவி போனது மட்டுமே காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். மூன்று வயதில் பிள்ளைகளுக்குப் பேச்சு மடை திறந்த மாதிரிதான் வரும், டிவி உள்ள வீட்டிலும் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேச்சு வராத பிள்ளையை வைத்துக்கொண்டு 'டிவியை நிறுத்தினால் சரியாகிவிடும்' என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதையும் படிப்பார்கள். அவர்களுக்கு: இரண்டு வயது முடிந்தும் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பாருங்கள். குழந்தை மருத்துவரிடம் போங்கள், காத்திருக்க வேண்டாம்.

இனி அத்தை. இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பீடி சுற்றுகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இன்றைக்கு ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மடியில் சொளவு (முறம்). ஈரத் துணியில் பொதிந்து வைத்த இலையை எடுத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி முடிக்கிறவரை கண் கையை விட்டு நகர்வது அபூர்வம். இப்படி வேலை பார்த்த ஒருவர் அத்தனை வருடம் டிவி சீரியலைப் பார்த்தார் என்றா சொல்வீர்கள்? பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். யாரோ அழுகிற சத்தம், யாரோ கத்துகிற சத்தம் வந்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்திருப்பார். அவருக்குத் தேவைப்பட்டது பெரிய திரை இல்லை. வீட்டுக்குள் ஒரு குரல் வேண்டியிருந்தது. 'பேச்சுத்துணை' என்று அவர்கள் சொன்னது அச்சு அசலான உண்மை.

அப்படியென்றால் ரேடியோ. இதை லேசாகச் சொல்லவில்லை. 68 வயதுக்காரர் என்றால் அவர் பிள்ளைப் பருவத்தில் இந்தப் பக்கம் முழுக்கக் கேட்டது இலங்கை வானொலி. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது, அப்போது அத்தை சின்னப் பிள்ளை. ரூபவாஹினி வந்த பிறகு 1980களில் உயரமான கம்பி நட்டு இலங்கை டிவி பிடித்த வீடுகள் உங்கள் ஊர்ப் பக்கமும் இருந்திருக்கும், ஆனால் வசதி உள்ள ஒன்றிரண்டு வீடுதான். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து டிவி. எல்லா வீட்டுக்கும் டிவி வந்தது 2006இல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான். அதாவது அத்தை ஐம்பதை நெருங்கும்வரை டிவி அவர்கள் அன்றாடத்தில் பெரிதாக இருந்திருக்காது. அந்த வயதுப் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒன்று: முன்னாலெல்லாம் நாலைந்து பேர் ஒரு வீட்டு வாசலில் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுவோம், வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு அவரவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். அத்தை இன்றைக்கு அடுத்த தெருவுக்குப் போகிறார்களே, அவர்கள் சீரியலுக்காகத்தான் போகிறார்களா, அந்த வீட்டில் இருக்கிற மனுஷிக்காகவும் போகிறார்களா? கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் நீங்கள் குற்ற உணர்ச்சிப்படவே வேண்டாம். நல்லதுதான் நடந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அந்த அம்மாவை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், நீங்களே ஒரு காபி போட்டுக் கொடுங்கள். போய்க்கொண்டே இருக்கிற வீட்டில் ஒருநாள் முகம் சுளித்தால் அத்தை அதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், போவதை நிறுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். அது நேராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ராத்திரி திரும்பி வரும்போது கையில் டார்ச் இருக்கட்டும். இந்த வயதில் ஒரு முறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு வீடே படுக்கையைச் சுற்றி ஓட வேண்டியிருக்கும்.

ரேடியோ வாங்கினால் பேட்டரியிலும் ஓடுகிறதாகப் பார்த்து வாங்குங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரையோரம் கரண்டும் போய், போன் டவரும் போய், நாம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு டிவி இருந்த வீட்டிலும் டிவி இல்லை.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: 'சத்தத்தைக் கூட்டித்தான் வைப்பார்கள்.' இதைத் தலைவலி என்று மட்டும் பார்க்காதீர்கள். வயதானவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது காது மந்தமாவதன் முதல் அடையாளங்களில் ஒன்று. காது சரியாகக் கேட்காதவர் நாலு பேர் ஒன்றாகப் பேசும் இடத்தில் பாதிப் பேச்சைத் தவறவிடுவார். 'என்ன, என்ன' என்று கேட்க வெட்கப்பட்டுத் தள்ளிப் போய்விடுவார். டிவியை நம் இஷ்டத்துக்குச் சத்தம் கூட்டலாம், மருமகளைக் கூட்ட முடியாது. அத்தை உங்களோடு பேசாமல் டிவியோடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். காதில் அழுக்கு அடைத்துக்கொண்டிருப்பதாகவே இருந்தாலும் போய்ப் பார்த்தால்தானே தெரியும். கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். இலை வெட்டுகிற கண் அது.

ஒரு முக்கியமான விஷயம். டிவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அத்தையை உட்கார வைத்துவிடாதீர்கள். 'டிவி இல்லாவிட்டால் என்ன, ஆச்சி கதை சொல்வாள்' என்று எழுதுவது எளிது. எல்லா ஆச்சியும் கதை சொல்ல மாட்டார்கள். ஐம்பது வருடம் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவருக்குச் சாயங்காலம் ஆனால் பேரனை மேய்க்கிற தெம்பு இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. அவர்களாக விரும்பிச் செய்தால் சந்தோஷம். வற்புறுத்தினால் அடுத்த தெரு இன்னும் இனிக்கும். தூண்டிவிடலாம், அவ்வளவுதான். உதாரணத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்வாருங்கள். அங்கே பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிற செருப்புகளைப் பார்த்ததும் உங்கள் மகள் 'சாமிக்கு எதுக்குச் செருப்பு?' என்று கண்டிப்பாகக் கேட்பாள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அத்தை எத்தனையோ கோயில் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து, பட்டவராயனாகக் கும்பிடப்படுகிற முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பார்கள். சொன்னால் சொல்லட்டும். (பேரன் பக்கத்தில் வருவது நல்லதுதான், ஆனால் பீடித் தூள் இருக்கிற சொளவுக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்தத் தூசி சின்னப் பிள்ளைக்கு ஆகாது. தூள் பட்ட கையோடு அவனைத் தொடுவதும் கூடாது. வேலை முடித்து, கை கழுவி, அப்புறம் கொஞ்சட்டும்.)

இதையெல்லாம் செய்து பார்த்த பிறகும் அத்தை 'எனக்கு டிவி வேணும்' என்று சொன்னால்? அப்போது வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான் என்பது என் கருத்து. பட்டாசலில் (முன்கூடத்தில்) வேண்டாம். அவர்கள் படுக்கிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற மாதிரி, சின்னதாக ஒன்று. பிள்ளைகள் தூங்கிய பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். 'அப்படியானால் டிவி இல்லாத வீடு என்பது போய்விடுமே' என்று உங்களுக்குத் தோன்றும். போகட்டும். பிள்ளைகள் சாப்பிடுகிற, படிக்கிற, பேசுகிற இடத்தில் டிவி ஓடாமல் இருந்தால் நீங்கள் வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. அவர்களுக்கு அது சொந்த வீடு. தன் வீட்டில் தனக்குப் பிடித்ததைச் செய்ய மருமகளின் அனுமதி வேண்டும் என்ற நிலை வயதானவர்களை எவ்வளவு சுருங்க வைக்கிறது என்று நான் நிறையப் பார்க்கிறேன்.

அடுக்களை நேரத்துக்கு வருகிறேன். ஆறரையிலிருந்து எட்டு வரை. நீங்கள் பள்ளியிலிருந்து களைத்து வருகிறீர்கள், சோறு ஆக வேண்டும், பெரியவளுக்கு வீட்டுப்பாடம், சின்னவன் காலைச் சுற்றி வருவான். டிவியைத் திரும்ப வாங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் தோற்றிருக்கின்றன. அவனை அடுக்களைக்கு வெளியே நிறுத்தப் பார்க்காதீர்கள். அடுப்புக்கு எட்டாத இடத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்து முருங்கைக் கீரையை உருவக் கொடுங்கள். பாதியைச் சிந்துவான், காம்போடு போடுவான், பரவாயில்லை. உள்ளி உரிக்கக் கொடுங்கள், கண் எரிந்தால் விட்டுவிடுவான். மொச்சைக் காய் கிடைக்கிற காலம் இது, தோலை உரித்து ஒரு கிண்ணம், பயற்றை ஒரு கிண்ணம் என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். 'இது என்ன நிறம், அது ஏன் கோணலா இருக்கு' என்று அவன் கேட்பதற்கெல்லாம் கிண்டிக்கொண்டே பதில் சொல்லலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பள்ளியிலும் இல்லை. சில நாள் முடியாது, அலுப்பாக இருக்கும். அன்றைக்குச் சமையலைக் குறைத்துவிடுங்கள். மோரும் துவையலும் போதும்.

'போரடிக்குது' என்று பெரியவள் சொல்வாள். சொல்லட்டும். உடனே எழுந்து ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டாம். கொஞ்ச நேரம் சலித்துக்கொண்டு திரிந்தால் அவளாக ஒன்றைக் கண்டுபிடிப்பாள், பிள்ளைகளின் விளையாட்டுகள் எல்லாமே அப்படி வந்தவைதான்.

பின்தங்கிவிடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பில் இல்லை. டிவி இல்லாததால் முதல் மதிப்பெண் வாங்கிவிடுவாள் என்றும் சொல்ல மாட்டேன், அப்படி நம்பினால் முதல் தேர்விலேயே ஏமாந்துபோவீர்கள். ஆனால் ஒரு கஷ்டம் உண்மையானது: கூடப் படிக்கிற பிள்ளைகள் நேற்று ராத்திரி ஒளிபரப்பான பாட்டுப் போட்டியையும் டான்ஸையும் பற்றிப் பேசும்போது அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பத்து வயதில் அது பெரிய வலி. அதை 'அற்ப விஷயம்' என்று தள்ளாதீர்கள். அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு நிகழ்ச்சியை வாரத்தில் ஒரு தடவை உங்களோடு உட்கார்ந்து பார்க்க விடுங்கள், போனிலோ மதினி வீட்டிலோ. நீங்களும் பாருங்கள், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். டிவியில் வருவதெல்லாம் குப்பை என்று பேசுகிற தாயிடம் பிள்ளை பார்த்ததை மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

உலகம் தெரிய வேண்டுமே என்றால் வீட்டுக்கு ஒரு நாளிதழ் போடுங்கள். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமோ வராதோ, எழுதவில்லை. வராது என்றால் உங்கள் மகள் தினமும் ஐந்து நிமிடம் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். நம்ம ஊர்ச் செய்திப் பக்கம் ஒன்று போதும். எந்த ஊரில் திருட்டு, எந்த அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று ஆச்சி கேட்டுவிட்டு ஏதாவது சொல்வார்கள். அவள் வாசிப்பும் ஓடும், அத்தைக்கு ஒரு குரலும் ஆயிற்று. நூலகத்தையும் மறந்துவிடாதீர்கள். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாகாணத்தில்தான், 1948இல். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் வருகிறோம். பணம் கட்டிவிட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறோம். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் பெயரிலேயே உறுப்பினர் ஆக்குங்கள். என்ன புத்தகம் எடுக்கிறாள் என்பதில் தலையிடாதீர்கள்.

இப்போது போன். இதைச் சொல்லாமல் மேலே சொன்னதெல்லாம் வீண். பட்டாசலில் டிவி இல்லை, ஆளுக்கொரு போன் இருக்கிறது என்றால் அந்த வீட்டில் டிவி இல்லை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிவியாவது பொதுவில் இருந்தது, என்ன ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், சேர்ந்து சிரிக்கலாம், சேர்ந்து திட்டலாம். சீரியல் ஒன்பதரைக்கு முடிந்துவிடும். போனில் ஓடுகிற சின்னச் சின்ன வீடியோக்களுக்கு முடிவே கிடையாது, ஒன்று முடியும் முன் அடுத்தது வந்து நிற்கும். டிவியை நிறுத்திய கையோடு, சோறு ஊட்டுவதற்குப் பிள்ளையிடம் போனைக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அது நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

வீட்டுக்காரரிடம் 'கிரிக்கெட் பார்க்காதீர்கள்' என்று சொல்லாதீர்கள், சொன்னால் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை. பிள்ளைகள் விழித்திருக்கும்வரை போன் ஓர் இடத்தில் சார்ஜில் இருக்கட்டும் என்று மட்டும் கேளுங்கள். அந்த இடம் பட்டாசலிலிருந்து தள்ளி, அரங்கில் (உள்ளறையில்) இருந்தால் நல்லது. உங்கள் போனும் அங்கேதான் இருக்க வேண்டும். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி எட்டு மணிக்கு வருகிற செய்தி காலையில் பார்த்தாலும் அங்கேதான் இருக்கும். பிள்ளைகள் தூங்கிய பிறகு அவர் மேட்ச் பார்ப்பது அவர் உரிமை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம் மாதிரி வருகிற நாளில் குடும்பத்தோடு மதினி வீட்டுக்குப் போய்ச் சுண்டல் தின்றுகொண்டே கத்திவிட்டு வாருங்கள். அதெல்லாம் விரதம் கலைந்த கணக்கில் வராது.

கடைசியாக மதினி. அவர்கள் சொன்ன 'வக்கில்லாமலா' என்ற சொல் உங்களுக்குச் சுட்டிருக்கிறது, எழுதிய விதத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் பின்பாதியைப் பாருங்கள். நம்ம பக்கம் பொங்கல்படி என்பது பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குப் போவது. அதை வாங்குகிற மகள் இந்த வருடம் திரும்பத் தாய்க்கு ஒன்று தர நினைக்கிறாள். அம்மை தினமும் அடுத்த வீட்டு வாசலில் போய் உட்காருகிறாள் என்று கேள்விப்பட்ட மகளுக்கு வேறு எப்படிப் பேச வரும்? அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் வீட்டுக்காரர். தம்பி அக்காவிடம் சொன்னால் அது வீட்டுப் பேச்சு. மருமகள் சொன்னால் அதுவே வம்பு. அவர் சொல்ல வேண்டியதும் ரொம்ப இல்லை: 'அக்கா, பைசாவுக்குக் குறையில்ல. சின்னவன் வளருற வரைக்கும் பட்டாசல்ல டிவி வேண்டாம்னு பாக்கோம். அம்மைக்கு நீ ஏதாச்சும் செய்யணும்னா, பழைய பாட்டெல்லாம் உள்ள ஏத்தி வச்ச ரேடியோப் பெட்டி ஒண்ணு வாங்கிக் கொடு.' அதைச் சொல்லும் முன் அத்தையிடம் தனியாக, அவர்கள் இலை வெட்டிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, நீங்கள் இருவரும் கேட்டுவிடுங்கள். 'உங்களுக்கு என்ன வேணும், டிவியா ரேடியோவா, இல்ல ரெண்டும் வேண்டாமா?' அவர்கள் சொல்வதை வைத்துத்தான் அக்காவுக்குப் போன் போட வேண்டும்.

ஒருவேளை யார் சொல்வதையும் கேட்காமல் மதினி பொங்கலன்று டிவிப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டால், திருப்பி அனுப்பாதீர்கள். சந்தோஷமாக வாங்கி அத்தையின் அறையில் மாட்டுங்கள். மேஜையில் சும்மா நிறுத்தாமல் சுவரில் இறுக்கமாக மாட்டுங்கள், மூன்று வயதுப் பிள்ளை பிடித்து இழுத்து மேலே சாய்ந்த விபத்துகள் நடக்கின்றன. இடி மின்னல் காலத்தில் பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள்.

காதுப் பரிசோதனையை மட்டும் பொங்கல்வரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே பள்ளியில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு அத்தையைக் கூட்டிப் போய்வாருங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.